கண்ணாடிச் சுவரும் தாய்மடியும்

பிள்ளைத்தமிழைப் பாடமாகக் கற்பிக்கும்போது நாம் மாணவருக்கு ஒரு மரபைக் கூறத் தவறுவதில்லை. பாட்டுடைத் தலைவரைக் குழந்தையாக வைத்துப் பாடும் புலவன், மூன்றாம் திங்கள் தொடங்கி இருபத்தோராந் திங்கள் வரையிலுள்ள பருவத்தையே பாடுதல் வேண்டும் என்பது அம்மரபு. காப்புப் பருவமே முதற் பருவம். அதற்கு முற்பட்ட நாட்களுக்குப் பாட்டில் இடமில்லை. பிறந்த முதல் மணி நேரம், முதல் இரவு, தாயின் மார்பை முதன்முதல் நாடும் வாய் ஆகியனவெல்லாம் புலவர் கண்ணுக்குப் புறம்பாயின. இலக்கியத்தை மாத்திரம் குறை கூறிப் பயனில்லை. மன்னர் பிறந்த ஆண்டைத் துருவித் துருவி ஆராயும் வரலாற்றாசிரியர்களும், பிறந்த இரவில் ஒரு பிள்ளை எங்கே கிடத்தப்பட்டது, அதனை அங்கே கிடத்துமாறு பணித்தவர் யார் என்று கேட்டதில்லை.

கேட்கத் தொடங்கினால் வியப்பான செய்திகள் வெளிப்படுகின்றன. சென்ற நூற்றாண்டின் பெரும்பகுதியில், உலகின் மிகச் செல்வம் படைத்த நாடுகளிலே, பிறந்த பிள்ளையைத் தாயிடமிருந்து பிரித்து வேறோர் அறையில் வரிசையாகக் கிடத்தி வைப்பதே விஞ்ஞானமெனக் கருதப்பட்டது. தந்தையும் உற்றாரும் கண்ணாடிச் சுவருக்கு அப்பால் நின்று பார்த்தனர். தாய் நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை, தாதி கொண்டுவரும்போது மட்டும் பார்த்தாள். அச்சுவர் எப்படி எழுந்தது? யாருக்கு அது பயன்பட்டது? அதனை இடித்தவர் யார்? இவ்வினாக்களுக்கு விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதலில் ஒரு மயக்கத்தை நீக்கிக்கொள்ளல் வேண்டும். பண்டைக் காலத்தில் எல்லாம் செம்மையாக இருந்தன, நவீன மருத்துவமே வந்து கெடுத்தது என்று சிலர் பேசுவர். பழமையைப் போற்றும் இப்போக்கு உண்மைக்கு மாறானது. உரோமாபுரியில் மருத்துவம் செய்த எபேசு நகரத்துச் சொரானசு, தாயின் முதற்பால் பிள்ளைக்கு ஒவ்வாதது என்றும், இருபது நாள்வரை வேறொருத்தியின் பாலைக் கொடுத்தல் நன்று என்றும் எழுதினான். சுசுருத சங்கிதை, பால் மூன்றாம் நான்காம் நாளிலேயே சுரக்குமெனக் கொண்டு, அதுவரை தேனும் நெய்யும் புகட்டுமாறு விதித்தது. மஞ்சள் நிறங்கொண்ட, தடித்த அம்முதற்பாலைச் சீழென்றும் அழுக்கென்றும் எண்ணிப் பீய்ச்சி எறியும் வழக்கம் பல நாடுகளிலே நிலவியது. சீம்பாலில் நோயெதிர்ப்புப் பொருட்கள் செறிந்துள்ளன என்பதையும், அது சில தேக்கரண்டி அளவே சுரப்பினும் புதிதாய்ப் பிறந்த பிள்ளையின் சிறு இரைப்பைக்கு அதுவே போதும் என்பதையும் நமக்கு உணர்த்தியது நவீன விஞ்ஞானமே. ஆகவே நமது வழக்கு விஞ்ஞானத்தோடு அன்று; விஞ்ஞானத்தின் பெயரால் நிறுவப்பட்ட ஓர் ஏற்பாட்டோடுதான்.

தாயையும் சேயையும் பிரித்தல் நெடுங்காலம் வர்க்கப் பிரிவினையின் ஓர் அங்கமாகவும் இருந்தது. பதினெட்டாம் நூற்றாண்டின் பாரிஸ் நகரை நோக்குவோம். 1780ஆம் ஆண்டில் அந்நகரக் காவல்துறைத் தலைவராக இருந்த லெனுவார் தந்த கணக்கின்படி, ஆண்டுதோறும் அங்கே பிறந்த ஏறத்தாழ 21,000 பிள்ளைகளுள் பெற்ற தாயிடமே பாலுண்டவர்கள் 1,000 பேர் அளவினரே. சீமாட்டியின் பிள்ளைக்கு வீட்டிலேயே செவிலி அமர்த்தப்பட்டாள். பட்டறையிலும் கடையிலும் கணவனோடு உழைத்த பெண்ணின் பிள்ளையோ வண்டியிலேற்றப்பட்டு நாட்டுப்புறத்துக்கு அனுப்பப்பட்டது. அங்கே பாலூட்டிய ஏழைப் பெண்ணின் சொந்தப் பிள்ளை எப்பாலைக் குடித்தது என்று எவரும் கணக்கெடுக்கவில்லை. ஒருத்தியின் பால் இன்னொருத்திக்கு விலைப்பொருளாகிய இவ்வரலாறு, பாற்போத்தல் தோன்றுமுன்னரே தொடங்கிவிட்டது என்பதை நாம் மறத்தலாகாது.

இலண்டனில் கைவிடப்பட்ட பிள்ளைகளுக்கென நடந்த இல்லத்தின் நிர்வாகிகளுக்கு வில்லியம் கடோகன் என்னும் மருத்துவர் 1748இல் ஒரு சிறுநூல் எழுதினார். தாய் தன் பிள்ளைக்குத் தானே, பிறந்த முதல் நாளிலிருந்தே பாலூட்டுதல் வேண்டும் என்று அவர் வற்புறுத்தினார். அக்காலத்துக்கு அது புரட்சிகரமான கருத்தே. ஆயினும் அதே நூலில், பிள்ளைகளைப் பேணும் தொழில் நெடுங்காலமாகப் பெண்களின் கையில் விடப்பட்டுவிட்டது என்று வருந்தவும் செய்தார். பிள்ளையைத் தாயிடம் சேர்த்த கையே, தாயின் அறிவைத் தாழ்த்தியும் வைத்தது. இம்முரண்பாடு பின்வந்த இருநூறு ஆண்டு வரலாற்றிலும் தொடர்ந்து வருவதைக் காண்போம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் மீண்டும் பாரிசுக்கே திரும்புவோம். தார்னியே என்னும் மகப்பேற்று வைத்தியர், கோழிக்குஞ்சு பொரிக்கும் சூட்டுப்பெட்டியைக் கண்டு, அதைப் போன்றதொன்றைக் குறைமாதப் பிள்ளைகளுக்கென அமைப்பித்தார். 1880ஐ அடுத்த ஆண்டுகளில் அது பாரிஸ் மகப்பேற்று வைத்தியசாலையில் இடம்பெற்றது. அவருடைய மாணவரான பியர் புதான், பெட்டியின் பயனை ஏற்றுக்கொண்டார். ஆனால் பெட்டியோடு நின்றுவிடவில்லை. சூடு காத்தல், பாலூட்டல், நோய் தொற்றாது தடுத்தல் ஆகிய மூன்றையும் ஒருங்கே நோக்கிய அவர், தாயைப் பிரித்து வைத்தால் அவளது பாலும் வற்றும், பிள்ளைமீது அவள் கொண்ட பற்றும் தளரும் என்பதைக் கண்டார். தாய் தன் பிள்ளையைக் காணத்தக்க கண்ணாடிப் பெட்டிகளையே அவர் விரும்பினார். பாலூட்டுவதற்குத் தாயை அழைத்தார். 1892இல் பாலுண்ணும் பிள்ளைகளுக்கென ஆலோசனை நிலையமொன்றைத் தொடக்கினார். புதானின் கையில் கண்ணாடி, தாயையும் சேயையும் இணைக்கும் சாளரமாக இருந்தது.

அதே கண்ணாடி வேறொருவர் கையில் வேறொன்றாயிற்று. 1896இல் பேர்ளின் பொருட்காட்சியில் குறைமாதப் பிள்ளைகள் சூட்டுப்பெட்டிகளோடு காட்சிப்பொருளாக வைக்கப்பட்டனர். பின்னர் மார்ட்டின் கூனி என்பவர் அமெரிக்காவில், 1903 முதல் 1943 வரை நியூயோர்க்கின் கோனி தீவுக் களியாட்டப் பூங்காவில் இக்காட்சியை நடத்தினார். அவரை வெறும் வேடிக்கைக்காரரென ஒதுக்கிவிட முடியாது. பெற்றோரிடம் அவர் பணம் வாங்கவில்லை. வைத்தியசாலைகள் கைவிட்ட பிள்ளைகள் பலரை அவர் காப்பாற்றினார். ஆனால் ஒரு சமுதாயம் தன் குறைமாதப் பிள்ளைகளின் மருத்துவச் செலவை நுழைவுச்சீட்டு விற்று ஈட்டவேண்டியிருந்தது என்பதே நாம் சிந்திக்கத்தக்கது. பிள்ளை பார்வையாளருக்கு உரியதாயிற்று. தாயோ அரங்குக்கு வெளியே நின்றாள்.

இனிச் சுவர் எழுந்த கதைக்கு வருவோம். 1900ஆம் ஆண்டளவில் அமெரிக்காவில் வைத்தியசாலையிலே நிகழ்ந்த பிள்ளைப்பேறு நூற்றுக்கு ஐந்துக்கும் குறைவே. 1940இல் அது பாதிக்கு மேலாயிற்று; 1955இல் தொண்ணூறையும் தாண்டியது. அரை நூற்றாண்டில் நிகழ்ந்த இம்மாற்றம் எண்ணற்ற தாய்மாரின் உயிரைக் காத்தது என்பதில் ஐயமில்லை. ஆனால் பிள்ளைப்பேறு வைத்தியசாலைக்குள் வந்தபோது, அக்காலத்துத் தொழிற்சாலையின் ஒழுங்கும் கூடவே வந்தது. தொற்றுநோய் அச்சம் ஒரு காரணம். ஓர் அறையில் பல பிள்ளைகளை ஒருங்கே வைத்தால் குறைந்த தாதியரைக் கொண்டு பராமரிக்கலாம் என்ற கணக்கு இன்னொரு காரணம். மூன்றாவது காரணம், பிரசவ வேதனை தெரியாதிருக்கக் கொடுக்கப்பட்ட மயக்க மருந்து. ஜெர்மனியின் பிரைபேர்க் நகரிலே தோன்றிய ‘அரைத்துயில்’ முறையை 1914ஐ ஒட்டி அமெரிக்கப் பெண்களே இயக்கம் நடத்தி வேண்டிப் பெற்றனர். வேதனையினின்று விடுபட வேண்டுமென்ற அவர்களது கோரிக்கை நியாயமானதே. ஆனால் மயங்கிக் கிடக்கும் தாயின் கையிற் பிள்ளையைக் கொடுத்தல் இயலாது. பிள்ளை வேறறைக்குப் போயிற்று. மயக்கம் தெளிந்த பின்னரும் அது அங்கேயே இருந்தது.

அறையோடு கடிகாரமும் சேர்ந்துகொண்டது. நியூசிலாந்தில் 1907இல் பிளங்கெட் சங்கத்தை நிறுவிய ட்ரூபி கிங், தாய்ப்பாலை உளமார ஆதரித்தவர். ஆயினும் நான்கு மணிக்கு ஒருமுறையே பால், இரவில் பாலில்லை, அழுதாலும் தூக்கலாகாது என்ற அவரது ஒழுங்குவிதி ஆங்கிலம் வழங்கிய நாடெங்கும் பரவித் தாய்ப்பாலுக்கே பகையாயிற்று. காரணம் எளியது. பிள்ளை உறிஞ்சும்போது தாயின் மூளையடிச் சுரப்பி புரொலக்டின் என்னும் பொருளைச் சுரக்கிறது. அது பாலை உண்டாக்குகிறது. ஒக்சிற்றோசின் என்னும் மற்றொன்று அப்பாலை வெளியே இறங்கச் செய்கிறது. பிள்ளையைக் கண்டாலும், அதன் குரல் கேட்டாலுங்கூட அது சுரக்கும். உண்ண உண்ணவே பால் ஊறும், உண்ணாதவிடத்து வற்றும். முதல் நாட்களில் பிள்ளை ஒழுங்கற்ற நேரங்களில், இரவென்றும் பகலென்றும் பாராது, பலமுறை நாடுவது அதன் குறும்பன்று. பாலை ஊறச்செய்யும் உழைப்பு அது. அவ்வுழைப்பைக் கடிகாரம் தடுத்தது. இரவில், தாய் உறங்கட்டும் என்று கூறித் தாதியர் போத்தற்பாலைப் புகட்டினர். வயிறு நிறைந்த பிள்ளை காலையில் தாயின் மார்பிலே தூங்கி வழிந்தது. நான்காம் நாள் தாய்க்குப் பால் போதவில்லை என்று வைத்தியர் எழுதினார். நோயை உண்டாக்கிய ஏற்பாடே, நோயாளி குறையுடையவள் என்று தீர்ப்பும் வழங்கியது.

இத்தீர்ப்பால் இலாபமடைந்தோர் காத்திருந்தனர். 1865இல் ஜெர்மானிய இரசாயன அறிஞர் லீபிக் தாய்ப்பாலுக்கு மாற்றான உணவொன்றை வெளியிட்டார். 1867இல் சுவிற்சர்லாந்தின் வெவே நகரில் ஹென்றி நெஸ்லே தமது பால்மாவை விற்கத் தொடங்கினார். தாயற்ற பிள்ளைக்கும், தாய்க்குப் பாலூட்ட இயலாத பிள்ளைக்கும் இவை உதவின என்பதை மறுக்கவேண்டியதில்லை. ஆனால் அத்தகைய பிள்ளைகளின் தொகை சிறிது, சந்தைக்கோ எல்லையில்லை. எனவே வணிகம் வைத்தியசாலையின் வாயிலிலேயே வந்து நின்றது. இலவசப் பால்மா டின்கள் வந்தன. தாதியரைப்போல உடையணிந்த விற்பனைப் பெண்கள் குடியேற்ற நாடுகளின் பிரசவ விடுதிகளுக்குள்ளே நடமாடினர். தாயின் பால் வற்றும் வரையில் டின் இலவசம், வற்றியபின் விலை. சுத்தமான நீரும் விறகும் பணமும் அற்ற குடிசையில், ஒரு டின்னை ஒரு மாதத்துக்கு நீட்டித்துக் கலக்கிய வெண்ணிற நீர் பிள்ளையின் உணவாயிற்று.

இக்கொடுமையை முதன்முதல் உரத்துக் கூறியவர்களுள் ஒருவர் சிசிலி வில்லியம்ஸ். யமேக்காவிலே பிறந்த இவ்வம்மையார், ஆபிரிக்காவின் கோல்ட் கோஸ்டில் பணியாற்றியபோது, ஊட்டக்குறைவால் வரும் குவாசியோக்கர் நோயை மருத்துவ உலகுக்கு அறிமுகம் செய்தவர். 1939இல் சிங்கப்பூர் றொட்டறிக் கழகத்தில் ‘பாலும் கொலையும்’ என்னும் தலைப்பில் உரையாற்றினார். இனிப்பூட்டிய டின்பாலைப் பிள்ளையுணவென்று விளம்பரஞ் செய்வது கொலைக்கு ஒப்பானது என்பதே அவ்வுரையின் சாரம். பின்னர் யப்பானியர் ஆட்சியில் அவர் சாங்கிச் சிறையிலே அடைக்கப்பட்டார். பட்டினி நிலவிய அச்சிறையில் இருபது பிள்ளைகள் பிறந்தன, இருபதும் தாய்ப்பாலுண்டன, இருபதும் பிழைத்தன என்று அவர் பின்னாளில் நினைவுகூர்ந்தார். சிறையில் தனியறையும் இல்லை, டின்னும் இல்லை. தாயிடமிருந்து பிரிப்பதற்கான வசதி எதுவும் அங்கே இருக்கவில்லை.

போர்க்காலமும் அதனை அடுத்த ஆண்டுகளும் சுவரில் முதல் வெடிப்பை ஏற்படுத்தின. தொற்றைத் தடுக்கவென எழுந்த பிள்ளையறைகளிலேயே 1930களிலும் 1940களிலும் வயிற்றோட்டம் கொள்ளைநோயாய்ப் பரவிற்று. ஒரு பிள்ளையின் நோய் ஒரே தாதியின் கைவழியே அறை முழுவதையும் பற்றியது. தாதியர் பற்றாக்குறையும் நெருக்கியது. 1943இல் கெசல், இல்க் என்னும் இரு குழந்தையியல் அறிஞர்கள், தாயும் சேயும் ஓரறையிலே உறையும் முறையைத் தம் நூலில் முன்வைத்தனர். இதனை நாம் உடனுறைவு என்போம். 1946இல் யேல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டொக்டர் ஈடித் ஜாக்சன் நியூ ஹேவன் நகரின் வைத்தியசாலையில் அதற்கெனச் சிறு பிரிவொன்றைத் திறந்தார். தாய் தன் பிள்ளையின் பசியை அறியக் கற்றாள். பிள்ளை அழுவதன் முன்னரே அதன் உதட்டசைவைக் கண்டு எடுத்தணைத்தாள். ஆயினும் நாடெங்கும் இம்முறை அன்று வேரூன்றவில்லை. பிள்ளையறையைச் சுற்றியே கட்டடமும், ஊழியர் முறையும், பால்மாக் கம்பெனிகளின் உறவும் அமைந்துவிட்டன. நல்ல கருத்து மட்டும் கட்டடத்தை இடிக்காது என்பதற்கு இது சான்று. 1970களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் பிறந்த பிள்ளைகளுள் தாய்ப்பாலோடு வாழ்வைத் தொடங்கியவை நாலில் ஒரு பங்கு அளவினவே.

சுவரை உண்மையில் இடித்த கை வேறு திசையிலிருந்து வந்தது. பிலிப்பைன்ஸ் நாட்டின் மலைநகரம் பாகியோ. ஆங்கிலேயர் தம் வெயிற்கால வாழ்வுக்கென நமது நுவரெலியாவைச் சமைத்தது போல, அமெரிக்க ஆட்சியாளர் தம் வசதிக்கெனச் சமைத்த நகரம் அது. ஆட்சி போனபின்னும் அவர்களது வைத்தியசாலை முறை போகவில்லை. பாகியோ பொது வைத்தியசாலையிலும் பிள்ளையறை இருந்தது, நேர அட்டவணை இருந்தது, போத்தற்பால் இருந்தது. அங்கே பிள்ளை வைத்தியப் பகுதிக்குத் தலைவராக இருந்த டொக்டர் நத்திவிதாத் கிளவானோ என்னும் பெண்மணி 1975இல் துணிவான முடிவொன்றை எடுத்தார். பிள்ளையறையின் கதவைச் சாத்தினார். பிறந்த பிள்ளைகளைத் தாய்மாரின் படுக்கைக்கே அனுப்பினார். போத்தல்களையும், கம்பெனிகளின் விளம்பரப் படங்களையும், இலவச டின்களையும், அவற்றோடு வந்த விற்பனையாளரையும் வெளியேற்றினார்.

1973 முதல் 1977 வரையில் அங்கே பிறந்த ஏறத்தாழ 10,000 பிள்ளைகளின் பதிவேடுகளை ஆராய்ந்து, 1982இல் அவர் முடிவுகளை வெளியிட்டார். மாற்றத்துக்குப் பின்னர் தொற்றுநோயும் வயிற்றோட்டமும் இறப்பும் பெருமளவு குறைந்திருந்தன. நோயுற்ற பிள்ளைகளுள் மிகப் பெரும்பாலானவை போத்தற்பால் உண்டவை. இச்சாதனைக்குப் புதிய கட்டடம் வேண்டியிருக்கவில்லை. வெளிநாட்டுக் கடனும் வேண்டியிருக்கவில்லை. உள்ளதொன்றை மூடியதால் விளைந்த பயன் அது. முன்னுள்ள ஆண்டுகளையும் பின்னுள்ள ஆண்டுகளையும் ஒப்பிடும் ஆய்வில், இடையே நிகழ்ந்த வேறு மாற்றங்களும் கலந்திருக்கலாம் என்று அறிவியலாளர் தடை கூறுவர். அத்தடை நியாயமானதே. அதற்குரிய விடையைச் சற்றுப் பின்னர் காண்போம்.

மூன்றாண்டுகள் கழித்து, 1978இல், கொலம்பியாவின் தலைநகரான பொகோட்டாவில் வறுமை இன்னொரு பாடத்தைப் புகட்டியது. ஏழைப் பெண்கள் பிள்ளை பெறும் பெரிய வைத்தியசாலை ஒன்றில், சூட்டுப்பெட்டிகள் போதாமையால் ஒரே பெட்டியில் ஒன்றுக்கு மேற்பட்ட பிள்ளைகள் கிடத்தப்பட்டனர்; ஒன்றின் நோய் மற்றதைப் பற்றியது; வாரக்கணக்காய்ப் பிரிக்கப்பட்ட தாய்மார் சிலர் திரும்பி வரவே இல்லை. எட்கர் ரே என்னும் வைத்தியர், குறைமாதப் பிள்ளையைத் தாயின் மார்பகங்களுக்கு இடையே, உடலோடு உடல் ஒட்ட, நிமிர்த்திக் கட்டிவைக்கச் செய்தார். கங்காரு தன் குட்டியைப் பைக்குள் வைத்துக் காப்பதையொப்ப, தாயின் உடற்சூடே பெட்டியின் சூடாயிற்று. பால் வாயருகே இருந்தது. அடுத்த ஆண்டில் எக்டர் மார்த்தினேசு அவரோடு இணைந்தார். தொடக்கத்தில் அவர்கள் கூறிய வெற்றிக் கணக்குகள் மிகையானவை என 1985இல் ஐரோப்பிய வைத்தியர் சிலர் சுட்டிக்காட்டினர். முதல் நாட்களிலேயே இறந்த பிள்ளைகள் அக்கணக்கிலே சேரவில்லை. இக்கண்டனத்தால் கொலம்பிய வைத்தியர் சோர்ந்துவிடவில்லை. 1990களில் முறையான பரிசோதனை நடத்தித் தம் முறையைச் செப்பஞ் செய்தனர். 2021இல் கானா, இந்தியா, மலாவி, நைஜீரியா, தன்சானியா ஆகிய ஐந்து நாடுகளில் உலக சுகாதார நிறுவனம் நடத்திய பெரும் ஆய்வின் முடிவு வெளிவந்தது. 1.8 கிலோவுக்குக் குறைந்த நிறையுடைய பிள்ளைகளைப் பிறந்தவுடனேயே தாயுடலோடு சேர்த்து வைத்தபோது, முதல் 28 நாளில் இறந்தவர் நூற்றுக்கு 12.0, நிலைமை சீர்ப்படும்வரை பிரித்து வைத்தபோது 15.7. ஏழை நாட்டின் போதாமையிற் பிறந்த வழி, உலகுக்கே வழியாயிற்று.

இங்கே ஓர் எச்சரிக்கை வேண்டும். இம்முறை வறுமைக்கு வாழ்த்துப் பாடும் முறையன்று. மேற்கூறிய ஆய்வில் தாய்மாருக்கெனத் தீவிர சிகிச்சைப் பிரிவினுள்ளேயே கட்டிலிடப்பட்டது. மூச்சுக்கு உதவும் கருவிகளும் பயிற்சி பெற்ற தாதியரும் அங்கே இருந்தனர். தாயைச் சேர்த்தனரேயன்றி மருத்துவத்தை நீக்கவில்லை.

சுவிடனில் 1990இல் வெளியான ஓர் ஆய்வு இன்னும் நுண்மையானது. பிறந்தவுடன் தாயின் வயிற்றின்மேல் கிடத்தி, இடையூறு செய்யாது விடப்பட்ட பிள்ளைகள், ஏறத்தாழ இருபது நிமிடத்தில் மார்பை நோக்கித் தாமே ஊரத் தொடங்கின. ஐம்பது நிமிட அளவில் பெரும்பாலானவை பாலுண்டன. நிறுக்கவும் அளக்கவும் இடையிலே எடுத்துச் செல்லப்பட்ட பிள்ளைகளுள் செவ்வனே உறிஞ்சியவை குறைவு. நூற்றாண்டுக் காலம் ஒன்றுமறியாச் சதைப்பிண்டமென எண்ணப்பட்ட பிள்ளை, வழி அறிந்தே வந்திருந்தது. நாம்தான் வழியை மறித்து நின்றோம்.

இவ்வுண்மைகள் தாமாகச் சட்டமாகிவிடவில்லை. 1974இல் பிரித்தானியாவிலே வெளியான ஒரு துண்டுநூல் பால்மாக் கம்பெனிகளின் செயலை அம்பலப்படுத்தியது. 1977இல் நெஸ்லேப் பொருட்களைப் பகிஷ்கரிக்கும் இயக்கம் அமெரிக்காவில் எழுந்தது. 1981 மே மாதம் உலக சுகாதாரப் பேரவை தாய்ப்பால் மாற்றுணவுகளின் விற்பனை பற்றிய ஒழுக்கக் கோவையை நிறைவேற்றியபோது 118 நாடுகள் ஆதரித்தன. மூன்று நாடுகள் நடுநிலை வகித்தன. எதிர்த்து வாக்களித்த ஒரேயொரு நாடு அமெரிக்கா. 1991இல் தொடங்கிய ‘குழந்தை நேய வைத்தியசாலை’ இயக்கம், இருபத்துநான்கு மணி நேர உடனுறைவைத் தன் பத்து நெறிகளுள் ஒன்றாக்கியது. பாகியோ பிறந்த நாடு 1992இல் உடனுறைவைச் சட்டமாகவே இயற்றியது. அதே நாடு 2006இல் பால்மா விளம்பரத்தை மேலும் கட்டுப்படுத்த முனைந்தபோது, அமெரிக்க வர்த்தகச் சம்மேளனம், முதலீட்டாளரின் நம்பிக்கை குலையும் என்று அதன் சனாதிபதிக்கே கடிதம் எழுதியது. அடுத்த ஆண்டில் உயர் நீதிமன்றம் அவ்விதிகளிற் பெரும்பாலானவற்றை நிலைநிறுத்தினும், விளம்பரத்தை முற்றாகத் தடைசெய்த விதியை நீக்கிவிட்டது. பிறந்த பிள்ளையின் முதல் மணி நேரம் எத்துணைப் பெரிய சந்தையின் வாயிலில் உள்ளது என்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை.

முதலாளித்துவ நாடுகளை மாத்திரம் குற்றங்கூறி நாம் தப்பிக்கொள்ளலாகாது. சோவியத் யூனியனின் மகப்பேற்று இல்லங்கள் மக்கள் அனைவருக்கும் கட்டணமின்றித் திறந்திருந்தன; அது பெருஞ் சாதனையே. ஆனால் அங்கும் பிள்ளையைத் துணியால் இறுகச் சுற்றி வேறறையில் வைத்து, குறித்த நேரத்தில் மட்டும் தாயிடம் கொணர்ந்தனர். தந்தையோ வெளியே தெருவில் நின்று சாளரத்தை அண்ணாந்து பார்த்தான். கம்பெனியின் இலாபம் இல்லாத இடத்திலும் தாயின் அறிவை நம்பாத அதிகாரம் அச்சுவரைக் கட்டியது. பாகியோ ஆய்வுக்குக் கூறப்பட்ட தடைக்கு விடை கிடைத்ததும் அம்மண்ணிலேயே. பெலருசு நாட்டில் 1996, 1997ஆம் ஆண்டுகளில் பழைய முறையிலியங்கிய 31 மகப்பேற்று இல்லங்கள் இருபகுதியாகச் சீட்டுக் குலுக்கிப் பிரிக்கப்பட்டன. ஒரு பகுதியில் குழந்தை நேய நெறிகள் புகுத்தப்பட்டன; மறுபகுதி பழையபடி நடந்தது. 17,000க்கு மேற்பட்ட பிள்ளைகள் ஓராண்டு தொடர்ந்து கவனிக்கப்பட்டனர். மூன்றாம் மாதத்தில் தாய்ப்பால் மட்டும் உண்டோர் புதிய நெறியில் நூற்றுக்கு 43.3, பழைய வழியில் 6.4. வயிற்று நோய் கண்டோர் முறையே 9.1, 13.2. இரு பகுதித் தாய்மாரும் ஒரே நாட்டினர், ஒரே உடலமைப்பினர். வேறுபட்டது வைத்தியசாலையின் ஒழுங்கு மாத்திரமே. தாயிடம் குறையில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

நமது நாட்டின் நிலையை நோக்குவோம். இலங்கை 1981இலேயே தனக்கென ஓர் ஒழுக்கக் கோவையை வகுத்துக்கொண்டது. இலவச மருத்துவமும், ஊர் ஊராகச் செல்லும் குடும்பநல உத்தியோகத்தரின் உழைப்பும் சேர்ந்ததன் பயனை 2016ஆம் ஆண்டின் குடித்தொகை, சுகாதார அளவீடு காட்டுகிறது. ஆறு மாதத்துக்கு உட்பட்ட பிள்ளைகளுள் தாய்ப்பால் மட்டும் உண்டவை நூற்றுக்கு 82. செல்வ நாடுகள் பல எட்டாத உயரம் இது. இதனைப் பெற்றுத்தந்தது தனியார் மருத்துவமன்று, மக்கள் போராடிப் பெற்ற பொதுச் சுகாதாரமே என்பதை மாணவர்கள் குறித்துக்கொள்ளல் வேண்டும்.

எனினும் நிறைவு கொள்வதற்கில்லை. வைத்தியசாலையில் தாயின் பக்கத்தில் வைக்கப்பட்ட பிள்ளை, அவள் வேலைக்குத் திரும்பும் நாளில் மீண்டும் பிரிக்கப்படுகிறது. 1939ஆம் ஆண்டின் மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டத்தின்கீழ் வந்த தனியார் துறைப் பெண்களும் தோட்டப் பெண்களும், மூன்றாம் பிள்ளைக்கு 84 நாள் விடுமுறை பெற 2018 வரை காத்திருந்தனர். அதுவரை அவர்களுக்குக் கிடைத்தது 42 நாளே. அதே சட்டம் பாலூட்டுதற்கென வேலை நேரத்தில் இரு இடைவேளைகளையும் தருகிறது. ஆனால் கொழுந்துக் கூடையைச் சுமந்து மலையுச்சியில் நிற்கும் பெண்ணுக்கும், அடிவாரத்துப் பிள்ளை மடுவத்துக்கும் இடையேயுள்ள தூரத்தைச் சட்டப் புத்தகம் அளந்து பார்த்ததில்லை. அன்றைய கொழுந்தின் நிறை குறைந்தால் கூலியும் குறையும் என்றிருக்கும்போது, எத்தாய் மலையிறங்கி வருவாள்? பிள்ளையறையின் கண்ணாடிச் சுவர் கண்ணுக்குத் தெரிந்தது. நாட்கூலி எழுப்பும் சுவர் கண்ணுக்குத் தெரிவதில்லை. வேறுபாடு அவ்வளவே.

இன்னொரு தீங்கும் உண்டு. உடனுறைவு என்ற பெயரால், சத்திர சிகிச்சையில் வயிறு கீறப்பட்ட தாயின் பக்கத்தில் பிள்ளையைக் கிடத்திவிட்டு, உதவிக்கு ஆளின்றி விடுவது அம்முறையைக் கேலிசெய்வதாகும். தாய் களைத்து உறங்கும்போது பிள்ளையின் மூச்சைக் கவனிக்க ஒருவர் வேண்டும். மார்பிற் சேர்க்கத் தெரியாத முதல் தாய்க்குக் காட்டிக்கொடுக்க ஒருவர் வேண்டும். பிள்ளையறையை மூடித் தாதியரின் சம்பளத்தை மிச்சம் பிடிப்பது கிளவானோ காட்டிய வழியன்று. அவ்வாறே, நோயாலோ மருந்தாலோ வேறு காரணத்தாலோ பாலூட்ட இயலாத தாயைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதும் தகாது. நேற்றுப் பால் கொடாதே என்று அதட்டிய குரலே இன்று ஏன் கொடுக்கவில்லை என்று அதட்டுமாயின், மாறியது கட்டளை மட்டுமே, அதிகாரம் மாறவில்லை.

வரலாறு நமக்குக் கூறுவது இதுவே. தாயையும் சேயையும் பிரித்தவை இயற்கையுமல்ல, விஞ்ஞானமுமல்ல. அச்சமும், சிக்கனக் கணக்கும், சந்தையும், பெண்ணின் அறிவை நம்பாத மனப்பாங்குமே. அவற்றை இணைத்தவர்களோ, தம் கண்முன் நிகழ்ந்ததை நேர்மையாக எண்ணிக் கணக்கெடுத்த வைத்தியரும், சட்டத்துக்காகப் போராடிய மக்களும். ஆசிரியர்களாகிய நாம் விஞ்ஞான பாடத்தில் சீம்பாலின் கூறுகளை மனனஞ் செய்விப்பதோடு அமையாது, அப்பால் பிள்ளையின் வாய்க்குச் சேராது தடுத்தவர் யார் என்ற வரலாற்றையும் உடன் கற்பித்தல் வேண்டும். நம் வகுப்பில் இருக்கும் பெண்பிள்ளைகள் சில ஆண்டுகளில் அக்கட்டிலில் கிடப்பர். ஆண்பிள்ளைகள் அதன் பக்கத்தில் நிற்பர். மகப்பேற்று விடுமுறைக்கும், தோட்டத்துப் பிள்ளை மடுவத்துக்கும், பிரசவ விடுதியில் இன்னும் இரு தாதியருக்கும் எழுப்பும் கோரிக்கை சிறு கோரிக்கையன்று என்பதை அவர்கள் அப்போது அறிந்திருத்தல் வேண்டும்.

புலவர் மூன்றாம் திங்களில் காப்புப் பாடத் தொடங்கினர். அதற்கு முற்பட்ட நாட்களுக்குக் காப்பளிக்கும் பொறுப்பு சமுதாயத்தினுடையது.